அப்பாவின் பேனா எழுத்து உள்ள மட்ச் புத்தகங்களை என்ன செய்வது?

கிறீன்வீதிக்காரன் கேட்டது:

வணக்கம். கிழக்கு லண்டனில் இருக்கிறேன். மாசி மாதம் அப்பா காலமானார். அவருடைய அலுமாரியில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட உதைபந்தாட்டப் புரோகிராம்கள் இருக்கின்றன. ஆட்ட நாளில் மைதான வாசலில் விற்பார்களே, அவைதான். அப்பா அவற்றை ஒருநாளும் புரோகிராம் என்று சொன்னதில்லை, 'மட்ச் புத்தகம்' என்பார். அம்மா வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வரப்போகிறார். வைகாசி முடிவதற்குள் அலுமாரி காலியாக வேண்டும்.

அப்பா 1984இல் இங்கே வந்தவர். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. சனிக்கிழமை காலையில் வந்து படுத்து, ஒரு மணிக்கு எழுந்து, வெஸ்ட் ஹாம் கழகத்தின் அன்றைய மைதானமான அப்டன் பார்க்குக்கு நடந்தே போவார். டிக்கெட்டுக்குக் காசில்லாத நாட்களில் வாசலில் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். அந்தக் கதையைச் சொல்லும்போது அம்மாவுக்கு இன்றும் கோபம் வரும். அவர் ஆங்கிலம் வாசிக்கப் பழகியது இந்தப் புத்தகங்களில்தான். பயிற்சியாளர் எழுதும் முன்பக்கக் குறிப்பில் விளங்காத சொற்களுக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் பொருள் எழுதியிருக்கிறார். 'ரெலிகேஷன்' என்பதற்கு 'கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுதல், பெரும் துயரம்' என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது பாதி அகராதியில் இல்லாதது.

போன வாரம் ஒரு வியாபாரியை அழைத்துக் காட்டினேன். இருபது நிமிடம் புரட்டிவிட்டு, சுத்தமானவற்றை மொத்தமாக எண்பது பவுணுக்கு எடுப்பதாகவும் பேனா பட்டவை குப்பைக்குத்தான் என்றும் சொன்னார். அந்த நேரம் அவர் கையில் இருந்தது 1986 ஏப்ரல் 21, நியூகாசில் ஆட்டத்தின் புத்தகம். வெஸ்ட் ஹாம் 8-1 என்று வென்ற ஆட்டம். தடுப்பாட்டக்காரர் அல்வின் மார்ட்டின் அடித்த மூன்று கோல்களும் மூன்று வெவ்வேறு கோல் காப்பாளர்களுக்கு எதிராக. அப்போது ஒரேயொரு மாற்று ஆட்டக்காரர்தான் அனுமதி. நியூகாசில் காப்பாளர் மார்ட்டின் தோமஸ் காயத்தோடு வெளியேற, காப்பாளர் அல்லாத கிறிஸ் ஹெட்வேர்த் கையுறை போட்டார். அவரும் காயப்பட, பீற்றர் பியட்ஸ்லி கோலுக்குள் போய் நின்றார். அச்சில் நியூகாசில் காப்பாளருக்கு ஒரு வரிதான். அதன் பக்கத்தில் அப்பா நீல மையில் 2, 3 என்று இலக்கமிட்டு மற்ற இருவரின் பெயர்களையும் தமிழில் எழுதியிருக்கிறார். பியட்ஸ்லியை முதலில் தவறாக எழுதி, வெட்டி, திரும்ப எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைத்தான் அந்த மனிதர் குப்பை என்றார். புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. மகனுக்கு ஏழு வயது. அவனுடைய முதல் ஆட்டத்துக்கு, கீழ்ப் பிரிவுக் கழகம் ஒன்றின் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். புத்தகம் எங்கே விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தூணில் ஒட்டியிருந்த கறுப்புச் சதுரத்தை (கியூஆர் குறியீடு) காட்டி, கைபேசியைப் பிடியுங்கள் என்றார்கள். வீடு திரும்பும்போது அவன் கையில் ஒன்றும் இல்லை.

பேனா எழுத்துள்ளவை உண்மையிலேயே பெறுமதியற்றவையா? அழித்துப் பார்க்கலாம் என்கிறார் என் அண்ணன். எவற்றை வைத்திருப்பது, எப்படிப் பாதுகாப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழங்கடதாசி:

தம்பி, முதலில் அண்ணனின் கைக்கு எட்டாத இடத்தில் அவற்றை வையுங்கள். நான் முப்பத்தெட்டு வருடங்களாகச் சேர்க்கிறேன். அச்சிட்ட கடதாசியில் மை அழித்தால் மேல்தோல் உரிந்துவிடும். எழுத்தும் போகும், பக்கமும் போகும்.

விலையைப் பற்றி நேராகச் சொல்கிறேன். அவர் சொன்ன தொகை அநியாயம் இல்லை. எண்பதுகளில் பெரிய கழகங்கள் ஆயிரக்கணக்கில் அச்சிட்டன, வாங்கியவர்களும் பத்திரமாக வைத்தார்கள். எது மிஞ்சவில்லையோ அதற்குத்தான் விலை. 1882 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், ஓல்ட் ஈட்டோனியன்ஸ் எதிர் பிளாக்பர்ன் ரோவர்ஸ். அதன் புரோகிராம் 2013இல் சோதபீஸ் ஏலத்தில் 35,250 பவுணுக்குப் போனது. அன்று அதை யாரும் சேர்த்து வைக்க நினைக்கவில்லை என்பதே காரணம். போர்க்காலத்துப் புரோகிராம்களும் அப்படித்தான். கடதாசித் தட்டுப்பாட்டால் ஒற்றைத் தாளாக வந்தவை பெரும்பாலும் அழிந்துபோயின. அப்பா பழையவை ஏதும் வாங்கி வைத்திருந்தால் இரண்டைப் பாருங்கள். அறுபதுகள், எழுபதுகளில் பக்க ஓரத்தில் டோக்கன் இருக்கும். அதைச் சேர்த்தவர்களுக்குப் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டில் முன்னுரிமை. வெட்டி எடுக்கப்பட்டிருந்தால் விலை விழும். 1966 உலகக் கோப்பை இறுதிப் புரோகிராம் கண்ணில் பட்டால் உடனே மகிழாதீர்கள், அதை எத்தனையோ தடவை மறுபடி அச்சிட்டுவிட்டார்கள்.

பேனா எழுத்து விலையைக் குறைக்கும், உண்மை. ஆனால் எங்கள் துறையிலேயே நெஞ்சைத் தொடும் ஒரு பக்கம் பேனாவுக்காக விடப்பட்ட பக்கம். 1958 பெப்ரவரி 6, மான்செஸ்டர் யுனைடெட் அணியினர் பலர் இறந்த மியூனிக் விமான விபத்து. பதின்மூன்று நாள் கழித்து ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயுடன் ஆடியது. யார் ஆடப்போகிறார்கள் என்று அச்சுக்குப் போகும்போது தெரியாது. ஆகவே யுனைடெட் பக்கம் பதினொரு இடங்களையும் வெறுமையாகவே அச்சிட்டார்கள். ஸ்டான் குரோதர் என்ற ஆட்டக்காரர் ஆட்டம் தொடங்கச் சற்று முன்புதான் யுனைடெட்டில் ஒப்பந்தமானார். பெயர்களைக் கேட்டுக் கேட்டு அரங்கில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். என்னிடம் உள்ள பிரதியில் யாரோ பென்சிலால் பதினொரு பெயரும் எழுதியிருக்கிறார். 'கிரெக்' என்ற பெயரில் மட்டும் பென்சில் அழுந்திக் கடதாசி கிழிந்திருக்கிறது. ஹரி கிரெக் விபத்தில் உயிர் தப்பியவர். வெறுமையான பிரதி ஒன்றைத் தருகிறேன், மாற்றிக்கொள்வோம் என்று இருவர் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.

பாதுகாப்பு: பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் மை அதில் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் உறை வாங்குங்கள். கூரையறையில் வைக்காதீர்கள், வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தின்றுவிடும். ஒட்டுநாடாவைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

வெள்ளைக்கோடு:

கிறீன்வீதிக்காரன் அவர்களே, அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் மதுரைக்காரி. யார்க்‌ஷயரில் ஒரு சிறிய கழகத்துக்காகப் பதினொரு ஆண்டுகள் ஊதியமின்றிப் புரோகிராம் தயாரித்தேன். தூணில் ஒட்டிய சதுரத்தின் மறுபக்கத்தில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

2018 ஜூனில், பிரீமியர் லீக்குக்கு அடுத்த மூன்று பிரிவுகளை நடத்தும் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்கின் கழகங்கள் வாக்களித்து, புரோகிராம் அச்சிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கின. பலரும் அதையே முடிவின் தொடக்கம் என்பார்கள். நோய் முன்பே இருந்தது. அணிப் பட்டியல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசிக்கு வந்துவிடுகிறது. எங்கள் செலவைத் தாங்கியவை உள்ளூர் விளம்பரங்கள். இறைச்சிக் கடை, டாக்சி நிறுவனம் என்று ஒவ்வொன்றாக ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டன. மழையில் ஆட்டம் தள்ளிப்போனால் அச்சிட்டது முழுவதும் வீண். 2020இல் அரங்குகள் மூடியபோது வாங்கும் பழக்கமே அறுந்தது. கடைசிப் பருவத்தில் நூற்றைம்பது பிரதி அடித்தோம். அறுபது விற்றால் அது நல்ல நாள்.

பிடிஎஃப் ஆக மாற்றலாம் என்று குழுவில் முன்மொழிந்தவளே நான்தான். மூன்று பருவங்கள், ஒவ்வோர் இதழும் என் கையால் வடிவமைத்தவை. பிறகு கழகம் இணையதளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றியது. பழைய பக்கங்களை யாரும் நகலெடுத்து வைக்கவில்லை. என் மடிக்கணினியும் அதற்கு முன்பே பழுதாகியிருந்தது. மூன்று பருவங்களும் போயின. எங்கள் கோல் காப்பாளர் முந்நூறாவது ஆட்டம் ஆடியபோது அவருடைய அம்மாவிடம் பேசி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அந்த அம்மா பிரதி கேட்டு வந்தார்கள். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

விற்பதற்கு முன் பேனா எழுத்துள்ள பக்கங்களையாவது ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஸ்கேன் இருக்கிறதே என்று தாளை விட்டுவிடாதீர்கள்.

ஆட்டநாள்:

எல்லோரும் துக்கமாகப் பேசுவதால் ஒரு மாற்றுக் கருத்து. எனக்கு இருபத்திரண்டு வயது. மாணவர் டிக்கெட்டே கையைக் கடிக்கிறது. அதற்கு மேல் மூன்றரை, நான்கு பவுண் கொடுத்து வாங்கினால், பாதிப் பக்கம் ஆதரவாளர் நிறுவனங்களின் விளம்பரம். ரசிகர்கள் நடத்தும் இதழ்களில் எழுத்து இதைவிட உயிரோடு இருக்கிறது, அதை வாங்குகிறேன். உங்கள் அப்பா வைத்திருப்பவை வேறு. அவை அவர் எழுதிய நாட்குறிப்பு. அவற்றை விற்கக் கூடாது.

கிறீன்வீதிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பழங்கடதாசி அண்ணா, உங்கள் பென்சில் பிரதியைப் பற்றி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். வெள்ளைக்கோடு அக்கா, நேற்றிலிருந்து ஸ்கேன் செய்யத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு நாள் தரையில் பரப்பி வைத்துப் பிரித்தோம். பேனா பட்டவை 143. அவை வீட்டில் இருக்கும். மற்றவற்றை விற்கிறோம், அம்மாவுக்கும் சம்மதம். 1985-86 பருவத்துப் புத்தகங்களை மட்டும் சுத்தமோ அழுக்கோ முழுவதுமாக வைத்துக்கொள்கிறேன். வெஸ்ட் ஹாம் மூன்றாம் இடத்தில் முடித்த வருடம். அதற்கு முன்னும் பின்னும் லீக்கில் அவ்வளவு மேலே வந்ததில்லை. முன்னணி ஆட்டக்காரர்களான மக்கவெனி, கொட்டி இருவரும் அடித்த ஒவ்வொரு கோலுக்கும் அப்பா பெயரின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். மகன் அவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஒரு சந்தேகம். நியூகாசில் புத்தகத்தின் நடுவில் உள்ள ஸ்டேப்ளர் ஊக்குகள் துருப்பிடித்து, காப்பாளர்களின் பெயர் இருக்கும் பக்கத்தை நோக்கிக் கறை பரவுகிறது. கழற்றலாமா?

பழங்கடதாசி:

கழற்றுங்கள், விட்டால் கறை எழுத்தைத் தொடும். வெளியிலிருந்து இழுக்க வேண்டாம். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய கால்கள் இரண்டையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்துங்கள். பிறகு புத்தகத்தைத் திருப்பி, முதுகுப் பக்கமாக மெதுவாக எடுங்கள். துருத் தூளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள், தண்ணீர் படக்கூடாது. பழைய துளைகள் வழியாகவே வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துக் கட்டலாம். முதலில் அப்பா எழுதாத ஒரு பிரதியில் செய்து பழகுங்கள்.