டாங்கோ பாடல்களில் தொலைந்துபோவது பெண்ணின் வெகுளித்தனமா, பழைய ஊரா?

இசைத்தேடல் (கேள்வி):
அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் பிறந்த நடன இசையான டாங்கோவின் 1920-களின் பாடல்களில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. ஊரோரக் குடியிருப்பில் வறுமையில் வளர்ந்த பெண் ஒருத்தி நடுநகரின் காபரே விடுதிக்குப் போய்ச் சேர்கிறாள். அவளை முன்பே அறிந்த ஆண் பழைய நாள்களை எண்ணிப் புலம்புகிறான். இதை ஒழுக்கப் போதனையாகக் கொள்வதா, சமூக மாற்றத்தின் பதிவாகக் கொள்வதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நெய்தல்:
இரண்டும் ஒரே பாட்டுக்குள் மோதிக்கொள்வதைச் செலெடோனியோ புளோரஸ் எழுதி, கார்லோஸ் கார்டெல் பாடிய 'மார்கோட்' பாடலில் காணலாம். மார்கரிட்டா என்ற பெயரை உதறிவிட்டுப் பகட்டாக வாழும் பெண்ணிடம், உன்னை யாரும் கெடுக்கவில்லை, நீ தெரிந்தேதான் வழுக்கி விழுந்தாய் என்று பாடுபவன் கடிந்துகொள்கிறான். ஆனால் அதே பாட்டின் கடைசியில், வீட்டில் உலை வைப்பதற்காக அவளுடைய தாய் வாரம் முழுவதும் துணி வெளுப்பதையும், அவர்களுடைய ஒண்டுக்குடித்தனத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிவதையும் கவிஞர் காட்டிவிடுகிறார். பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள் அறைக்கு ஒரு குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்த கட்டடங்கள் அவை. 1914-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அயல்நாட்டில் பிறந்தவர்கள். அந்த விளக்கைப் பார்த்த பிறகு அவள்மீது மட்டும் பழி போட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1920-இல் சாமுவேல் லின்னிக் எழுதிய 'மிலோங்கிட்டா' இன்னும் நேர்மையானது: ஆண்கள்தாம் உனக்குத் தீங்கிழைத்தார்கள் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது, பழைய மலிவான பருத்தி உடையை மீண்டும் உடுத்துவதற்காக அவள் தன் உயிரையே கொடுப்பாள் என்கிறது.

மாலைராகம்:
நெய்தல் கூறியதை ஏற்கிறேன். எனினும் பெண்ணைப் பற்றிய புலம்பலோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் புரியும். 1926-இல் பெஞ்சமின் தாக்லே லாரா எழுதிய 'புவெந்தே அல்சினா' பாடலில், பிறந்து வளர்ந்த குடியிருப்பையே தார்ச்சாலை ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. ஓமெரோ மான்சி எழுத, அனிபால் த்ரொய்லோ இசையமைத்த 'சுர்' (1948) பாடலில் கொல்லன் பட்டறை முனையும், சேறும், நகரின் தெற்கிலுள்ள பொம்பேயா பகுதிக்கு அப்பால் வெள்ளம் சூழ்ந்த நிலமும், கடைக் கண்ணாடியில் சாய்ந்தபடி காதலிக்காகக் காத்திருந்த இளைஞனும் ஒன்றாகவே மறைந்துபோகிறார்கள். அங்கே யாரும் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. அதனாலேயே அதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இசைத்தேடல்:
இருவருக்கும் நன்றி. கடந்தகாலம் தூய்மையானது என்பதையே மறுக்கும் டாங்கோ ஏதும் உண்டா?

நெய்தல்:
உண்டு. அர்ஜென்டினாவில் 1930-இல் நடந்த இராணுவப் புரட்சிக்கும் பொருளாதார வீழ்ச்சிக்கும் பின், 1934-இல் என்ரிக்கே சாந்தோஸ் திஸ்செப்போலோ எழுதிய 'காம்பலாச்சே', உலகம் என்றைக்குமே குப்பைதான் என்று தொடங்குகிறது. ஏங்குவதற்கு அதில் பழைய தெருவும் இல்லை, பழைய பெண்ணும் இல்லை. ஆயினும் மான்சியின் 'சுர்' அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்தே வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: பழைய ஊருக்கான ஏக்கம் அந்த மறுப்போடு முடிந்துவிடவில்லை.