நிம்மதிக்காகக் கடலில் இறங்கினால் பத்தே நிமிடத்தில் குமட்டல் (சப்நாட்டிகா): என்ன செய்யலாம்?

கரைதட்டி:
வணக்கம். நான் பெரிய கேமர் எல்லாம் இல்லை. வேலை முடிந்து இரவில் அரை மணி நேரம் மனசை ஆறவைக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டபோது, நண்பர் ஒருவர் சப்நாட்டிகா என்ற கடலடி விளையாட்டைச் சொன்னார். “சும்மா நீந்திக்கொண்டே இருக்கலாம், மீன் பார்க்கலாம், துப்பாக்கியே கிடையாது” என்றார். நம்பி வாங்கினேன்.

அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நெற்றியில் ஒரு கனம் வருகிறது. அடுத்து வாயில் எச்சில் ஊறும். அப்புறம் குமட்டல்தான். மூடிவிட்டால் சரியாகிவிடும் என்று பார்த்தால், முக்கால் மணி நேரமாவது கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டியிருக்கிறது. நேற்று சாப்பாடே இறங்கவில்லை. நிம்மதிக்காக வாங்கியதற்கு இது நல்ல பலன்.

லேப்டாப்பில், மவுஸும் கீபோர்டும் வைத்து விளையாடுகிறேன். திரை முகத்திலிருந்து ஒன்றரை அடி இருக்கும். சர்வைவல் மோட். செட்டிங்ஸில் எதையும் தொடவில்லை. ஓடும் பஸ்ஸில் புத்தகம் படித்தால் எனக்கு இதே மாதிரி ஆகும், அது தொடர்புடையதா என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு ஆக்சிஜன் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை வேறு. மேலே போகிறேனா கீழே போகிறேனா என்றே புரியாமல் மவுஸைச் சுழற்றுவேன், அதில்தான் தலை அதிகம் சுற்றுகிறது. செட்டிங்ஸில் சரிசெய்ய வழி இருக்கிறதா, இல்லை இந்த வகை விளையாட்டே எனக்கு ஒத்துவராதா?

சிப்பி:
பஸ் விஷயம் தொடர்புடையதுதான். இரண்டு கேள்வி. விளையாடும்போது அறை விளக்கு எரிகிறதா? தலையைத் திருப்பும்போது படம் வழுக்கிக்கொண்டு போகிறதா, திக்கித் திக்கிப் போகிறதா?

கரைதட்டி:
விளக்கை அணைத்துவிடுவேன், கடலுக்குள் இருப்பது போலத் தோன்றட்டும் என்று. படம் ஆழமில்லாத இடத்தில் பரவாயில்லை. பாசிக்காடு மாதிரி நெருக்கமான இடங்களில் திக்குகிறது.

கொம்பன்சுறா:
விடாம விளையாடுங்க ப்ரோ, ஒரு வாரத்துல பழகிடும். எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு.

பவளப்பாறை:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் கரைதட்டி. பழகும் என்பது உண்மைதான், குமட்டலோடு மல்லுக்கட்டினால் பழகாது. நெற்றி கனக்கும் அந்த முதல் நொடியிலேயே நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் வந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். முழுதாகச் சரியான பிறகுதான் அடுத்த முறை. தாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் விளையாட்டின் முகப்புப் பாட்டைக் கேட்டாலே வயிறு புரளும் நிலைக்கு வந்துவிடும். எனக்கு ஒரு கார் பந்தய விளையாட்டில் அப்படி ஆனது, இன்றுவரை அதைத் திறப்பதில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், திரை முழுக்க நகரும்போது ‘நீ போய்க்கொண்டிருக்கிறாய்’ என்று கண் மூளைக்குச் சொல்கிறது. உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்களோ ‘அசையவே இல்லை’ என்கின்றன. இந்தச் சண்டையில்தான் குமட்டல். பஸ்ஸில் புத்தகம் படிக்கும்போது இதுவே தலைகீழாக நடக்கிறது: உடல் நகர்கிறது, கண் முன்னால் இருக்கும் பக்கம் நிற்கிறது. தரையில் நடக்கும் விளையாட்டுகளில் தொடுவானம் இருக்கும், காலடியில் தரை இருக்கும். நீருக்கடியில் இரண்டும் இல்லை. எந்தக் கோணத்திலும் திரும்பலாம், கண்ணைத் தாண்டித் தூசும் குமிழியும் போய்க்கொண்டே இருக்கும். சாந்தமான விளையாட்டு என்று பெயர் வாங்கியவைதான் இந்த விஷயத்தில் மோசம்.

இனி செட்டிங்ஸ். முதலில் மோஷன் ப்ளரை, அதாவது திரும்பும்போது படத்தை வேண்டுமென்றே கலங்கலாக்கும் வசதியை, முழுதாக அணையுங்கள். என் வரையில் பாதித் தொல்லை அதில்தான் இருந்தது. மவுஸ் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். கிராஃபிக்ஸ் தரத்தை ஒரு படி இறக்குங்கள், பாசிக்காட்டில் படம் திக்குவது நிற்க வேண்டும். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் ஒரே சீராக ஓடுவதுதான் முக்கியம். கடைசியாக ஃபீல்ட் ஆஃப் வியூ, அதாவது திரையில் ஒரே நேரத்தில் எத்தனை டிகிரி அகலத்துக்குக் காட்சி தெரிகிறது என்பது. இந்த விளையாட்டில் அது 60இல் இருக்கும், குழாய் வழியாகப் பார்ப்பது போல. 80க்கு மேல் வையுங்கள்.

அறை விளக்கைப் போடுங்கள். திரைக்கு வெளியே அசையாத சுவரும் மேசையும் கண்ணோரம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

வலைஞன்:
மற்றதெல்லாம் சரி, ஃபீல்ட் ஆஃப் வியூவை எல்லாருக்கும் ஒரே எண்ணாகச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. திரை என்பது ஒரு ஜன்னல். கிட்டே உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக அதிகம் தெரிய வேண்டும், தள்ளி உட்கார்ந்தால் குறைவாகத்தான் தெரிய வேண்டும். கண் எதிர்பார்க்கும் கோணமும் விளையாட்டு காட்டும் கோணமும் பொருந்தாதபோதுதான் தொல்லை. ஒன்றரை அடியில் லேப்டாப் வைத்திருப்பவருக்கு 60 குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அதே ஆள் டிவியில் இணைத்து எட்டடி தள்ளி சோபாவில் சாய்ந்துகொண்டு 90 வைத்தால் ஓரங்களில் படம் இழுபட்டு, திரும்பும்போதெல்லாம் உலகமே வளையும். அதுவும் குமட்டும்.

நான் செய்வது இதுதான். 60இலிருந்து ஐந்து ஐந்தாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று இடமும் வலமும் மெதுவாகத் திரும்பிப் பார்ப்பேன். ஓரத்தில் இருக்கும் பாறை ரப்பர் மாதிரி நீள ஆரம்பித்தால் ஒரு படி இறங்கிவிடுவேன். எனக்கு 75இல் நின்றது.

இன்னொன்று, லேப்டாப்பை இரண்டரை அடி தள்ளி வைத்தாலே திரை கண்ணில் பிடிக்கும் இடம் குறைந்துவிடும். காசு செலவில்லாத மருந்து.

பவளப்பாறை:
ஏற்கிறேன். நான் மானிட்டருக்கு ரொம்பக் கிட்டே உட்காருகிறவள், என் கணக்கில் சொல்லிவிட்டேன்.

முக்குளிப்பான்:
நான் நிஜமாகவே ஸ்கூபா செய்கிறவன். கரைதட்டிக்கு ஒரு ஆறுதல்: அடியும் தெரியாமல் சுவரும் தெரியாமல் சுற்றிலும் வெறும் நீலமாக இருக்கும் இடத்தில் எங்களுக்கும் தலை சுற்றும். மேலே எது, கீழே எது என்று உடலுக்கே குழம்பும். அப்போது நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொள்வோம், இல்லையென்றால் ஆழமானியையோ கூட வந்தவரையோ உற்றுப் பார்ப்போம். எதுவும் இல்லையா, மூச்சுக்குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம். அது பொய் சொல்லாது.

இதே பழக்கத்தை விளையாட்டிலும் கொண்டுவாருங்கள். நடுநீரில் நீந்தாதீர்கள். அடித்தரையை ஒட்டியோ பாறைச் சுவரை ஒட்டியோ போனால் கண்ணுக்குப் பிடிமானம் இருக்கும். திசை தவறினால் மவுஸைச் சுழற்றித் தேடாமல் அப்படியே நில்லுங்கள். நீங்கள் வந்த உயிர்காப்புக் கலத்தின் குறி திரையில் எப்போதும் தெரியும், தூரமும் கூடவே இருக்கும். அதை நடுவில் கொண்டுவந்து, அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நீந்துங்கள். மேலே வந்ததும் அலையில் மிதந்துகொண்டு வேடிக்கை பார்க்க வேண்டாம். மூச்சு வாங்கியதும் உள்ளே போய்விடுங்கள்.

ஆக்சிஜன் பதற்றத்துக்கு: தொடக்கத்தில் 45 நொடிதான் தாங்கும். முதல் சிலிண்டருக்கு மூன்று டைட்டானியம் போதும், செய்தால் 75 நொடி ஆகிவிடும். அந்த 30 நொடியில் மனசு எவ்வளவு இறங்குகிறது பாருங்கள். 100 மீட்டருக்குக் கீழே மூச்சு வேகமாகக் கரையும், இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். நிஜக் கடலிலும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு ஏறும், 30 மீட்டரில் ஒரே சிலிண்டர் மேற்பரப்பில் வருவதில் கால்பங்கு நேரம்தான் வரும். ஆகவே விளையாட்டுக்காரர்கள் சும்மா படுத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

சிப்பி:
எல்லாரும் கேமராவையே பிடித்துக்கொண்டீர்கள். சர்வைவல் மோடில் நிம்மதி தேடுவதை யாரும் கேட்கவில்லையே. பசி, தாகம், மூச்சு, உயிர் என்று நாலு அளவையும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் மனசு ஆறும்? ஃப்ரீடம் மோடில் பசியும் தாகமும் கிடையாது, மூச்சும் உயிரும் மட்டும் உண்டு, கதையும் அப்படியே ஓடும். கிரியேட்டிவ் மோடில் மூச்சும் தீராது, உயிரும் போகாது, ஆனால் கதை இருக்காது. இரண்டுக்கும் புதிதாகத்தான் தொடங்க வேண்டும், சேமித்து வைத்த பழைய ஆட்டத்தை மெனுவிலிருந்து மாற்ற முடியாது. பத்துப் பத்து நிமிடமாக விளையாடியவருக்கு அது பெரிய நஷ்டம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. நண்பர் “மீன் பார்க்கலாம்” என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார் போல. உடைந்து கிடக்கும் அந்தப் பெரிய கப்பல் பக்கம் போகாதீர்கள். அங்கே இருப்பதை மீன் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கரைதட்டி:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மோஷன் ப்ளர் அணைத்தாயிற்று, மவுஸ் வேகம் பாதி, விளக்கு எரிகிறது, திரை இரண்டரை அடி தள்ளிப் போய்விட்டது. வலைஞன் சொன்ன மாதிரி ஏற்றிப் பார்த்தேன், எனக்கு 70இல் நின்றது. ஃப்ரீடம் மோடில் புதிதாகத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் எட்டு நிமிடத்தில் எழுந்தேன். நேற்று இருபத்தைந்து நிமிடம், லேசான கனம் மட்டும், குமட்டல் இல்லை. அடியை ஒட்டி நீந்துவதுதான் பெரிய வித்தியாசம், முக்குளிப்பான் அண்ணாவுக்கு நன்றி.

ஆனால் நீந்த உதவும் அந்தக் கை இயந்திரம், சீகிளைட், அதைப் பிடித்தால் மட்டும் மறுபடி சுற்றுகிறது. வேகம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இதை விட்டுவிட்டு வேறு ஏதாவது மெதுவான விளையாட்டும் முயலலாமா?

பவளப்பாறை:
சீகிளைடை விடுங்கள், சீமாத் கிடைக்கும்வரை பொறுங்கள். அது ஒருவர் உட்காரும் குட்டி நீர்மூழ்கி. அதற்குள் உட்கார்ந்தால் கண்ணாடியின் சட்டம் கண்முன் அசையாமல் நிற்கும், வெளியேதான் கடல் நகரும். காரின் முன்சீட்டில் உட்கார்ந்த மாதிரி. வேகம் அதிகம் என்றாலும் எனக்கு அதில் ஒருமுறைகூடக் குமட்டியதில்லை. 200 மீட்டர் வரை தாங்கும், உங்களுக்கு அது தாராளம்.

மாற்று விளையாட்டு என்றால், 2016இல் வந்த அப்ஸூ. இதில் முக்குளிப்பவரை வெளியிலிருந்து பார்க்கிறோம். திரை நடுவில் ஓர் உருவம் எப்போதும் இருப்பதால் கண்ணுக்கு ஆதாரம் உண்டு. மூச்சும் தீராது, சாவும் கிடையாது. அங்கங்கே இருக்கும் சிலைகளின் மேல் உட்கார்ந்தால் நீந்தவே வேண்டாம், கேமரா மீன்களை ஒவ்வொன்றாகத் தொடரும். நான் தலைவலி நாட்களில் அதற்காக மட்டும் திறப்பேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதுதான் வருத்தம். நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும் சில கட்டங்கள் வேகமாக இருக்கும், அப்போது திரையின் ஓரத்தைப் பார்க்காமல் அந்த உருவத்தையே பாருங்கள்.

வலைஞன்:
நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி இருந்தால் எண்ட்லெஸ் ஓஷன் லூமினஸ், 2024 மே மாதம் வந்தது. அதிலும் வெளியிலிருந்து பார்க்கும் கேமராதான். சுறா பக்கத்தில் வந்தாலும் ஒன்றும் செய்யாது. 500க்கு மேற்பட்ட உயிரினங்களை ஒளி பாய்ச்சி அடையாளம் காண்பதுதான் வேலையே. இணையத்தில் சேர்ந்தால் ஒரே கடலில் 30 பேர்வரை நீந்தலாம். கதையை மட்டும் நம்பி வாங்காதீர்கள், இத்தனை உயிரினம் பார்த்தால்தான் அடுத்த அத்தியாயம் என்று நடுநடுவே பூட்டு போட்டிருப்பார்கள். கதைக்காக எண்ணிக்கையைத் துரத்தினால் அதுவும் அலுவலக வேலை ஆகிவிடும்.

முக்குளிப்பான்:
பியாண்ட் ப்ளூவையும் பாருங்கள், 2020இல் வந்தது. திமிங்கிலக் குடும்பம் ஒன்றைப் பின்தொடர்வதுதான் கதை. நடுவில் நிஜக் கடல் ஆய்வாளர்கள் பேசும் சிறு படங்கள் வரும். சிறியது, மெதுவானது.

கொம்பன்சுறா:
நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். நேத்து மோஷன் ப்ளர ஆஃப் பண்ணிப் பாத்தேன். ரெண்டு வருஷமா ஏன் ஆன்லயே வெச்சிருந்தேன்னு தெரியல.

கரைதட்டி:
அப்ஸூ வாங்கிவிட்டேன். ஒரே ஒரு குழப்பம்: மேலே போக அழுத்தினால் கீழே போகிறது.

பவளப்பாறை:
விமானம் ஓட்டுகிற கணக்கில் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். மெனுவில் கட்டுப்பாடுகள் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். குழம்பிக் குழம்பிக் கேமராவை ஆட்டினால் மறுபடி சுற்றும், முதலில் அதை மாற்றிவிட்டு இறங்குங்கள்.

கரைதட்டி:
மாற்றிவிட்டேன், இப்போது சரி. சிலை மேல் உட்கார்ந்து இருபது நிமிடம் ஒரு ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி சப்நாட்டிகா பக்கம் வந்தால், அந்த சீமாத்துக்கான துண்டுகள் எங்கே கிடைக்கும்? கப்பல் பக்கம் போகாமல்.

சிப்பி:
சிவப்புப் புல் மண்டிய சமவெளியில் கப்பலின் உடைந்த பாகங்கள் சிதறிக் கிடக்கும், அவற்றைச் சுற்றித் தேடுங்கள். ஸ்கேனரை மறக்காமல் எடுத்துப் போங்கள், துண்டுகளை அதால் ஸ்கேன் செய்தால்தான் சீமாத் செய்யும் வழி கிடைக்கும். அடியை ஒட்டியே போங்கள்.