ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) விமானத்தை 100 கிமீ பறக்க வைக்க முடியுமா? ரேடியோ மட்டும் போதுமா?

விசிறிவால்:
வணக்கம் மக்களே. என்கிட்ட 2 மீட்டர் சிறகு இருக்கிற ஃபோம் விமானம் ஒண்ணு இருக்கு, பின்னாடி ப்ரொப்பெல்லர் வர்ற கிளைடர் டைப். எல்லாம் ஏத்தினா கிட்டத்தட்ட 2 கிலோ வரும். ஐநேவ் சாஃப்ட்வேர் ஓடுற ஃப்ளைட் கன்ட்ரோலர் (விமானத்த தானா ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர்), ஜிபிஎஸ் எல்லாம் போட்டாச்சு, லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில கிரவுண்டுக்குள்ளயே சுத்திட்டு இருக்கேன். இத வச்சு 50 கிமீ போய் 50 கிமீ திரும்ப முடியுமா? யார்கிட்ட கேட்டாலும் ரேடியோ ரேஞ்ச் பத்தியே பேசுறாங்க, நல்ல லாங் ரேஞ்ச் ரிசீவர் ஒண்ணு வாங்கிட்டா வேலை முடிஞ்சுதா? அப்புறம் ஒரு மாடல் விமானம் அட்லாண்டிக்கையே தாண்டிச்சுனு சொல்றாங்களே, அது நிஜமா?

பால்சாமரம்:
நிஜம்தாங்க. 2003 ஆகஸ்ட்ல நடந்தது. மேனார்ட் ஹில்னு ஒரு அமெரிக்கர், அப்போ அவருக்கு 77 வயசு, கண்பார்வை ரொம்பவே மங்கிப்போன நிலைமை. அவரும் அவரோட டீமும் டாம்-5னு ஒரு விமானத்த கனடாவோட நியூஃபவுண்ட்லேண்ட் கரையில இருந்து விட்டாங்க, அது அயர்லாந்துல கிளிஃப்டன் பக்கத்துல வந்து இறங்குச்சு. 3,028 கிமீ, 38 மணி 52 நிமிஷம். சிறகு ஆறு அடிதான். பால்சா கட்டைல செஞ்சு மேல மைலார்ங்கிற மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினது, எரிபொருளோட சேர்த்தே 5 கிலோவுக்குள்ள. 10 சிசி மாடல் எஞ்சின், கேம்பிங் விளக்குக்கு ஊத்துற எரிபொருள். ரிமோட்ட கையில புடிச்சது ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும், நடுவுல முழுக்க ஜிபிஎஸ் பாத்து ஆட்டோபைலட்டே ஓட்டுச்சு. அதுக்கு முன்னாடி விட்ட விமானங்கள் எதுவும் கரை சேரல, திரும்பத் திரும்ப செஞ்சு பாத்துதான் ஜெயிச்சாங்க. அந்த மனுசன நினைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்கும்.

வாட்டவர்:
ப்ரோ, ரேடியோவ கடைசியா யோசிங்க. எவ்ளோ தூரம் போகும்ங்கிறத தீர்மானிக்கிறது பேட்டரியும் விமானம் காத்துல எவ்ளோ வழுக்கிட்டு போகுதுங்கிறதும்தான். கணக்கு ரொம்ப சிம்பிள். உங்க ஃபோம் விமானத்துக்கு லிஃப்டும் (தூக்குற விசை) ட்ராகும் (காத்து பின்னால இழுக்குற விசை) 8க்கு 1னு வச்சிக்குவோம், 2 கிலோவ தூக்கிட்டு நேரா போக கால் கிலோ எடைய இழுக்குற அளவு தள்ளுவிசை போதும். மோட்டார், ப்ரொப்பெல்லர், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கன்ட்ரோல் பண்ற போர்டு) எல்லாம் சேர்ந்து பாதிக்கும் கொஞ்சம் கம்மியாதான் உருப்படியா தரும், அதனால கிலோமீட்டருக்கு சுமாரா 1.5 வாட்-அவர் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடுற அளவு ஆற்றல்) ஆகும். 60 கிமீ வேகத்துல போனா 90 வாட், அவ்ளோதான்.

இப்ப பேட்டரி. லிப்போவ தூக்கி வச்சிட்டு 21700 லித்தியம் அயான் செல்லுக்கு மாறுங்க. ஒரு செல் 70 கிராம், 5,000 எம்ஏஹெச் (மில்லிஆம்ப்-அவர்), சுமார் 18 வாட்-அவர். 4எஸ்3பி பேக் (மூணு மூணா பேரலல்ல சேத்த செல்ல நாலு வரிசையா சீரீஸ்ல கோத்தது) கட்டினா 12 செல், 840 கிராம், 216 வாட்-அவர். அதுல 80 சதவீதம் மட்டும் செலவு பண்ணாலே 115 கிமீ வரும். ஆனா அயான் செல்லால லிப்போ மாதிரி கரண்ட்ட அள்ளிக் குடுக்க முடியாது, ஃபுல் த்ராட்டில்ல எவ்ளோ ஆம்ப் இழுக்குதுனு வாட்மீட்டர்ல பாத்துட்டு செல்லோட லிமிட்டுக்குள்ள இருக்கானு சரிபாருங்க. கம்மி கேவி (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்துங்கிற கணக்கு) மோட்டார், பெரிய ப்ரொப்பெல்லர் போட்டா நல்லது. வெளில தொங்குற வயர், துருத்திக்கிட்டு நிக்குற கேமரா, மூடாம விட்ட சர்வோ ஆர்ம், இதெல்லாம் ஒவ்வொண்ணும் கிலோமீட்டர தின்னுட்டே இருக்கும், டேப் போட்டு ஒட்டுங்க.

டாம்-5 அவ்ளோ தூரம் போனதுக்கும் இதான் காரணம். பெட்ரோல் மாதிரி எரிபொருள்ல கிலோவுக்கு 12,000 வாட்-அவர் இருக்கு, நம்ம செல்லுல 250. எஞ்சின் அதுல பெரும்பகுதிய சூடாவே வீணாக்கினாலும் மிச்சமே பேட்டரிய விட பல மடங்கு, போதாததுக்கு எரிய எரிய விமானமும் லேசாகிட்டே போகும்.

மேகக்கூட்டம்:
வாட்டவர் கணக்குல காத்து இல்ல, அதையும் சேத்துக்கோங்க. 60ல போற விமானத்துக்கு 30 கிமீ எதிர்காத்துனா 50 கிமீ போகவே 1 மணி 40 நிமிஷம், திரும்பும்போது 33 நிமிஷம். காத்து இல்லாம இருந்தா ரெண்டும் சேர்ந்தே 1 மணி 40தான். ஆக மூணுல ஒரு பங்கு கூடுதல் செலவு, மிச்சம் வச்ச 20 சதவீத ரிசர்வ்ல பெரும்பகுதி காலி. போகும்போது எதிர்காத்து, வரும்போது பின்காத்து, இந்த வரிசைய மாத்தவே மாத்தாதீங்க. பின்காத்துல ஜாலியா போய்ட்டு திரும்ப முடியாம எங்கயோ விழுந்த விமானம் எத்தனையோ.

ரேடியோவும் ஒரு வார்த்தை. எவ்ளோ பவர் போட்டாலும் பூமி வளைவு தடுக்கும். 100 மீட்டர் உயரத்துல இருந்தா தரையில நிக்கிற உங்களுக்கு சுமார் 47 கிமீதான் நேர்பார்வை, அதுவும் நடுவுல மரமோ மேடோ இல்லாட்டி. நிறைய நாட்டுல 120 மீட்டருக்கு மேல ஏறவும் கூடாது, விமானம் கண்ணுக்குத் தெரியுற தூரத்துலயே இருக்கணும்னும் சட்டம், அத தாண்ட தனி அனுமதி வேணும். இது சும்மா போட்ட ரூல் இல்லங்க, அந்த உயரத்துல ஹெலிகாப்டர் வரும், கீழ ஜனங்க இருக்காங்க, 2 கிலோ விமானம் 60 கிமீ வேகத்துல வந்து மோதினா ஆளுக்கு பலத்த அடி படும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

விசிறிவால்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்ப அனுமதி இல்லாம 100 கிமீங்கிறது நடக்காதா?

வாட்டவர்:
ஏன் நடக்காது? கிரவுண்டுக்குள்ளயே சுத்துங்க. 500 மீட்டர் இடைவெளியில ரெண்டு வேபாயின்ட் (ஆட்டோபைலட்டுக்கு குறிச்சுக் குடுக்குற ஜிபிஎஸ் இடம்) வச்சு போய்ட்டுப் போய்ட்டு வந்தா 100 ட்ரிப்ல 100 கிமீ. திரும்புற இடத்துல கொஞ்சம் கூட செலவாகும், மத்தபடி விமானத்துக்கு அதே உழைப்பு. முதல்ல பத்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டி ஓஎஸ்டில (வீடியோ மேல நம்பர் காட்டுற திரை) கிலோமீட்டருக்கு எத்தனை எம்ஏஹெச் காட்டுதுனு பாருங்க, 45, 50, 55, 60னு வேகத்த மாத்தி மாத்தி குறிச்சு வைங்க. எந்த வேகத்துல கம்மியோ அதுதான் உங்க விமானத்தோட வேகம். 110 எம்ஏஹெச்சுக்கு கீழ வந்துச்சுனா புது பேக் கட்ட ஆரம்பிச்சிடலாம். நம்பர் கிடைச்சதும் இங்கயே போடுங்க, பாத்துட்டு ப்ரொப்பெல்லர் சைஸ் பேசுவோம்.