செப்டம்பர் விடுமுறை: சிங்கப்பூரிலேயே குடும்பத்தோடு இரண்டு இரவு எங்கே தங்கலாம்?

செங்காங்வாசி கேட்டது:

வணக்கம். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் இந்த முறை வெளிநாட்டுப் பயணம் இல்லை. கணவருக்குக் கிடைத்த விடுப்பு மிகவும் குறைவு. உள்ளூரிலேயே இரண்டு இரவு எங்காவது தங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மகனுக்கு 13 வயது. சைக்கிள், கயாக் எனும் துடுப்புப் படகு, மரத்துக்கு மரம் கம்பியில் தொங்கிப் போவது என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறான். மகளுக்கு 8 வயது. ஓட்டம் உண்டு, ஆனால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். தஞ்சாவூரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார்; சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவார், முழங்கால் வலியும் உண்டு. எங்களிடம் கார் இல்லை.

நகரின் நடுவே நீச்சல் குளம் உள்ள ஒரு ஹோட்டலைக் கணவர் பார்த்து வைத்திருக்கிறார். அங்கே போனால் ஆளுக்கொரு கைபேசியோடு அறைக்குள்ளேயே பொழுது போய்விடும் என்பது என் பயம். பஃபே சாப்பாடும் வேண்டாம். இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பிள்ளைகள் நன்றாக ருசி பார்க்கவேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற ஓட்டுநர் எழுதியது:

தங்கச்சி, சாங்கி வில்லேஜுக்குப் போங்கள். வேறு எங்கும் தேடவேண்டாம்.

நான் பல வருடங்கள் பஸ் ஓட்டியவன். சாங்கி வில்லேஜ் முனையத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்த பொழுதுகளில் அந்த இடம் எனக்குப் பழகிப்போனது. இன்றும் பேரப்பிள்ளைகளை அங்கேதான் அழைத்துப் போகிறேன். பஸ் முனையம், உணவங்காடி நிலையம், படகுத்துறை, கடற்கரை, தங்கும் இடம் எல்லாமே நடந்து போகும் தூரத்தில் அமைந்த இடம் இந்த ஊரில் அதிகம் இல்லை. கார் இல்லாத குடும்பத்துக்கு இதைவிட வசதி வேண்டுமா? தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பஸ், தெம்பனிஸிலிருந்து 29ஆம் எண் பஸ். இரண்டுமே முனையம் வரை போகும்.

ஞாயிறு முதல் செவ்வாய் வரை தங்கினால் வெள்ளி, சனியைவிட அறை வாடகை பெரும்பாலும் குறையும். ஆனால் திங்கட்கிழமை சில கடைகள் மூடியிருக்கும். அதையும் நினைவில் வையுங்கள்.

முதல் நாள் மாலை எந்த வீர விளையாட்டும் வேண்டாம். பெட்டியை வைத்துவிட்டு சாங்கி பாயிண்ட் கடலோரப் பாதையில் நடங்கள். மொத்தம் 2.2 கிலோமீட்டர், பெரும்பகுதி பலகைப் பாதை. முழுவதும் நடக்கவேண்டியதில்லை, மாமியாருக்கு எது வரை முடிகிறதோ அது வரை. எதிரே தெரியும் தீவுதான் புலாவ் உபின். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "நாளைக்கு அங்கே போகிறோம்" என்று சொல்லிவையுங்கள். மறுநாள் காலை எழுப்பும் வேலை பாதி குறையும்.

இரவு உணவங்காடியில் நாசி லெமாக். அங்கே நாசி லெமாக் கடைகள் பல உண்டு. எந்தக் கடை நல்லது என்று இங்கேயே ஒரு சண்டை தொடங்கலாம், நான் அதற்குள் போகவில்லை. எது நல்ல தட்டு என்பதை மட்டும் சொல்கிறேன். தேங்காய்ப் பாலும் பாண்டான் இலையும் போட்டு வேகவைத்த சோறு உதிரி உதிரியாக இருக்கவேண்டும். குழைந்திருந்தால் பால் கூடிவிட்டது என்று பொருள். கோழி இறக்கையைப் பிய்த்தால் தோல் நொறுங்கும் சத்தம் வரவேண்டும், உள்ளே சதையில் மஞ்சள் நிறம் இறங்கியிருக்கவேண்டும். நெத்திலியும் வேர்க்கடலையும் மொறுமொறுப்பு போகாமல் சோற்றின் ஓரத்தில் கிடக்கும். சம்பல் என்ற மிளகாய் விழுது முதலில் இனிக்கும், பிறகுதான் காரம் ஏறும். மகளுக்குச் சம்பலைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். மாமியாருக்குச் சம்பலே வேண்டாம். பெரும்பாலும் நெத்திலியோ இறால் விழுதோ அதில் சேர்ந்திருக்கும். நெத்திலி தூவாமல் வெறும் சோறும் பொரித்த முட்டையும் வாங்கிக்கொடுங்கள், வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஊறுகாய் அதற்குப் பிரமாதமாகப் பொருந்தும்.

இரண்டாம் நாள் உபின் தீவு. இதுதான் பயணத்தின் உயிர், இதற்கு முழுக் காலையையும் கொடுங்கள். படகுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். ஆளுக்குச் சுமார் 4 சிங்கப்பூர் வெள்ளி, ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இருப்பது கால் மணி நேரத்துக்குள்தான், ஆனாலும் அந்தப் பழைய மரப்படகின் இயந்திரம் தடதடவென்று அதிரும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள். அவசரப்பட்டு எடுக்காதீர்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள், கியர் மாறுகிறதா என்று ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். தீவில் ஏற்ற இறக்கம் உண்டு. இறக்கத்தில் சரளைக்கல் வந்தால் பின்பிரேக்கை மெதுவாகப் பிடிக்க மகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். மேற்குப் பக்கம் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா இருக்கிறது. மகன் கேட்பான். அங்கே பாதைகளைக் கடினத்துக்கு ஏற்றபடி நீலம், கறுப்பு என்று குறித்திருக்கிறார்கள். அப்பாவோடு நீலப் பாதையில் மட்டும் போகட்டும்.

மற்றவர்கள் கிழக்கே செக் ஜாவாவுக்குப் போங்கள். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். ஆறு வகை இயற்கைச் சூழல் அந்த ஒரே இடத்தில் சந்திக்கிறது: கடலோரக் காடு, அலையாத்திக் காடு, பாறைக் கரை, மணற்கரை, கடற்புல் பரப்பு, உடைந்த பவளத் திட்டு. இதையெல்லாம் மண் கொட்டித் தூர்ப்பதாக இருந்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள், எழுதினார்கள், கேட்டார்கள். 2001 டிசம்பரில் அந்தத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பலகைப் பாதை 2007இல் திறக்கப்பட்டது. உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது என் எண்ணம். தாங்கள் நிற்கும் தரை எப்படித் தப்பியது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

அலையாத்திப் பாதையில் வேகமாக நடக்கக்கூடாது. கைப்பிடியில் சாய்ந்து ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால்தான் சேறு உயிர் பெறும். ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள் வளையிலிருந்து வெளியே வந்து அந்தக் கையை ஆட்டும். நடக்கவும் தெரிந்த சேற்றுமீன்கள் துடுப்பை ஊன்றித் தத்திப் போகும். சுமார் 20 மீட்டர் உயரத்தில் ஜெஜாவி கோபுரமும் இருக்கிறது. ஏறினால் காட்டின் தலையைப் பார்க்கலாம். இருவாச்சிப் பறவை கண்ணில் பட்டால் அன்றைய பொழுது நிறைந்தது.

திரும்பி வந்து படகுத்துறைக்கு அருகே இளநீரும் கடலுணவும். மதிய வெயிலில் இதற்கு மேல் எதையும் திணிக்காதீர்கள். அறைக்குத் திரும்பித் தூங்குங்கள்.

---

தெம்பனிஸ் அப்பா எழுதியது:

அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மரத்துக்கு மரம் தொங்குவதற்கு பிடோக் நீர்த்தேக்கப் பூங்காவில் இடம் இருக்கிறது. கிழக்குப் பகுதிதான், தொலைவில்லை. உயரத்தைப் பொறுத்தே எந்தப் பாதை என்று அனுமதிப்பார்கள், ஆகவே பதிவு செய்யும் முன் இரண்டு பிள்ளைகளையும் சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள். அங்கே போய் ஒரு பிள்ளை ஏற, ஒரு பிள்ளை கீழே நின்று பார்த்தால் அழுகைதான் மிஞ்சும். மூடிய காலணி கட்டாயம் அணியட்டும்.

மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடிக்குப் போங்கள். கடற்காற்றோடு சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி. கரி அடுப்பில் விசிறியபடியே சுடுவார்கள்; புகை நம் சட்டையில் ஏறி வீடு வரை கூட வரும். வாழையிலையில் வைத்துச் சுட்ட திருக்கை மீனும் அங்கே கட்டாயம் சாப்பிடவேண்டியது. முள் இல்லை, குருத்தெலும்புதான், எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். வேலை நாளில் பல கடைகள் பிற்பகலுக்குப் பிறகுதான் திறக்கும், முன்கூட்டியே போய் ஏமாறவேண்டாம்.

---

செங்காங்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. படித்துக் காட்டியதும் கணவர் ஹோட்டல் பக்கத்தை மூடிவிட்டார்! இரண்டு சந்தேகம். அத்தை படகில் ஏற முடியுமா? செப்டம்பரில் மழை வந்தால் என்ன செய்வது? கயாக் பற்றியும் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையே.

---

ஓய்வுபெற்ற ஓட்டுநர் எழுதியது:

படகில் ஏற ஓர் அடி தாண்டி வைக்கவேண்டும், படகு ஆடிக்கொண்டும் இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் பிடித்தால் பெரும்பாலான பெரியவர்கள் ஏறிவிடுவார்கள். ஆனால் முடிவை அம்மாவிடமே விடுங்கள். பிள்ளைகளின் ஆசைக்காக வற்புறுத்தவேண்டாம். வந்தால், தீவில் வேன்கள் இருக்கின்றன; பேசிக்கொண்டு செக் ஜாவா வரை உட்கார்ந்தே போகலாம். வராவிட்டால் சாங்கிக் கடற்கரையில் மர நிழலில் உட்காரட்டும். விமானங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கடற்கரையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானியப் படையினர் 66 ஆண்களை அந்தக் கரையில் சுட்டுக் கொன்றார்கள். மகனை அழைத்துப் போய்க் காட்டுங்கள். விளையாட வந்த இடத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பதின்மூன்று வயது அதற்குச் சரியான வயது என்றே நான் நினைக்கிறேன்.

மழை விஷயம். செப்டம்பரில் சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையிலோ காலையிலோ பலத்த காற்றோடு மழை வரும். ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அதனால் காலையில் கொட்டினால் பயணத்தை ரத்து செய்யாதீர்கள், ரொட்டி பரோட்டாவும் தேநீருமாகக் காத்திருங்கள். இடிமின்னல் மட்டும் வேறு கணக்கு. இடிச் சத்தம் கேட்டால் படகும் வேண்டாம், கடலோரமும் வேண்டாம், மரத்தடியும் வேண்டாம்.

கயாக்கைத் தனியாக வாடகைக்கு எடுத்துக் கடலில் இறங்குவதை நான் விரும்புவதில்லை. உபின் அலையாத்திக் காட்டுக்குள் வழிகாட்டியோடு அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தையின் வயது வரம்பை முதலில் கேளுங்கள். அந்தக் கால்வாய்களுக்குள் நுழைய நீர் ஏறியிருக்கவேண்டும். செக் ஜாவாவில் கடற்புல்லும் நட்சத்திர மீனும் தெரிய நீர் நன்றாக வடிந்திருக்கவேண்டும், 0.5 மீட்டருக்கும் கீழே. ஆகவே இரண்டையும் ஒரே காலையில் முழுமையாகப் பார்க்க முடியாது. அலை அட்டவணையைப் பார்த்து, அன்று கடல் எதைத் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பலகைப் பாதையில் பராமரிப்பு வேலை நடக்கிறதா என்று தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. அம்மாவுக்குக் கட்டும் எலுமிச்சைச் சாதத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு எடுத்துப் போகவேண்டாம். குரங்குகள் பையைப் பார்த்தாலே பறிக்கும், காட்டுப்பன்றியும் மோப்பம் பிடித்து வரும். முதுகுப்பைக்குள் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். எதற்கும் உணவு போடாதீர்கள்.

---

யீஷூன் அக்கா எழுதியது:

முழங்கால் வலி என்று படித்ததும் எழுதத் தோன்றியது. திரும்பி வந்த பிறகு ஒரு காலை செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு அத்தையை அழைத்துப் போங்கள். 2020 ஜனவரியில் புதுப்பித்துத் திறந்தார்கள், கட்டணம் இல்லை. தரையிலிருந்து வரும் நீர் ஏறக்குறைய 70 டிகிரி சூடு. படிப்படியான தொட்டிகளில் ஆறி வரும் நீரில் காலை வைத்துக்கொள்ளலாம். மேல் தொட்டியில் வைக்கவே கூடாது, கீழ்த் தொட்டியிலும் முதலில் விரலை நனைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறக்கவேண்டாம்.

முட்டையை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள், ஊற்று நீரில் வேகவைக்கத் தனி இடம் இருக்கிறது. வெந்து முடிய நேரம் எடுக்கும். மஞ்சள் கரு இறுகி வெள்ளைக்கரு தளதளவென்று இருக்கும்போது எடுத்துக் கொஞ்சம் சோயா சாஸும் மிளகும் தூவினால் போதும். எடுத்துப் போகிற பாத்திரத்துக்கு மூடி இருக்கட்டும், ஒரு நீளக் கரண்டியும் வையுங்கள். காலை எட்டு மணிக்கு முன்பே போய்விட்டால் உட்கார இடம் கிடைக்கும்.