எலிக்குட்டிக்கு டெஸ்டோஸ்டிரோன்: ஊசி எந்த நாளில்?

வேப்பேரி மாணவி:
நெறிமுறைக் குழு அனுமதி வந்துவிட்டது. பெண் எலிக்குட்டிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியோனேட் (ஆண் ஹார்மோனின் ஊசி வடிவம்) கொடுத்து, வளர்ந்த பின் இணைசேரும் நடத்தையைப் பார்க்க வேண்டும். 12ஆம் நாள் ஊசி போடலாமா? நேரடியாகப் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடியோலே கொடுத்தால் என்ன?

ஆய்வகத்தான்:
12ஆம் நாள் வேண்டாம்ங்க, வாசல் மூடியிருக்கும். ஹார்மோன் மூளையை ஆணாகவோ பெண்ணாகவோ நிலையாக வடிவமைக்கும் காலம் எலிக்குக் கருவின் 18ஆம் நாள் வாக்கில் தொடங்கி, பிறந்து சுமார் 10 நாளில் முடிகிறது. முதல் நாளே போடுங்கள்: 100 மைக்ரோகிராம், 0.05 மி.லி. நல்லெண்ணெயில் கரைத்து, பிடரித் தோலுக்கு அடியில். செக்கு எண்ணெய் கூடாது, கிருமி நீக்கியது வேண்டும். ஊசியை எடுத்ததும் அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் எண்ணெய் கசிந்து, எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது. கையுறையில் கூண்டுத் தூளைத் தேய்த்துக்கொள்ளுங்கள், அந்நிய வாடை பட்டால் தாய் குட்டியைக் கடித்துவிடலாம். கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும்) குட்டிகளுக்கு வெறும் எண்ணெய். ஒரு தாயின் எட்டுக் குட்டிகளை எட்டு மாதிரிகளாக எண்ணாதீர்கள்.

எலி மூளையில் டெஸ்டோஸ்டிரோனை அரோமடேஸ் என்ற நொதி எஸ்ட்ராடியோலாக மாற்றுகிறது. மூளையை ஆண்மைப்படுத்துவதில் பெரும்பங்கு எஸ்ட்ராடியோலுக்குத்தான். ஆனால் குட்டியின் ரத்தத்தில் உள்ள ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் எஸ்ட்ராடியோலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குறைந்த அளவு கொடுத்தால் மூளைக்கே போய்ச் சேராது. டெஸ்டோஸ்டிரோன் அதில் சிக்காமல் உள்ளே போய்விடும்.

கூண்டுக்காரர்:
பலர் கோட்டைவிடுவது வளர்ந்த பிறகுதான். ஊசி போட்ட பெண் எலிக்குக் கருமுட்டை வெளியேறுவதே நின்றுபோகும். பெண் எலி இணைசேர இசையும்போது முதுகை வளைக்கும். அது முதுகை வளைக்கவில்லை என்றால் மூளை மாறியதாலா, சூலகம் ஓய்ந்ததாலா? பிரித்துச் சொல்லவே முடியாது. அதனால் கன்ட்ரோல் உட்பட எல்லாவற்றுக்கும் 60ஆம் நாள் வாக்கில் சூலகத்தை நீக்கி, இரண்டு வாரம் ஆறவிட்டு, ஒரே அளவு ஹார்மோன் கொடுங்கள்: சோதனைக்கு 48 மணி முன்பு எஸ்ட்ராடியோல் பென்சோயேட் 10 மைக்ரோகிராம், 4 முதல் 6 மணி முன்பு புரோஜெஸ்டிரோன் 500 மைக்ரோகிராம். 1959இல் ஃபீனிக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு கினிப்பன்றிகளில் இப்படித்தான் பிரித்துக் காட்டியது.

ஆணை முன்கூட்டியே கூண்டில் விட்டுப் பழக்குங்கள். இருட்டு நேரத்தில், மங்கலான சிவப்பு வெளிச்சத்தில், ஆண் 10 முறை ஏறும்போது எத்தனை முறை முதுகு வளைகிறது என்று எண்ணுங்கள். சென்னை மின்வெட்டில், விளக்கை ஏற்றி அணைக்கும் சாதா டைமர் நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். எலியின் இரவு நகர்ந்துவிடும். பேட்டரி உள்ளதை வாங்குங்கள்.

கால்நடை மருத்துவர்:
எலியின் நாட்கணக்கு எலிக்கு மட்டுமே. கினிப்பன்றிக்கு எல்லாம் தாய் வயிற்றிலேயே முடிந்துவிடும். மாட்டிலும் அப்படித்தான்: காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடேரிகளில் பத்துக்கு ஒன்பது மலடாகும், நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் இணைந்து, காளைக் கன்றின் ஹார்மோன் கிடேரிக்குள் வந்துவிடுவதால்.

இன்னொன்று, அந்த 10 நாளில் குட்டிகளுக்கு இண்டோமெதசின் போன்ற வலிமருந்து வேண்டவே வேண்டாம். ஆண் எலி மூளையில், இணைசேரும் நடத்தையை இயக்கும் முன்பார்வைப் பகுதியின் நரம்பணுக்களில் முட்கள் (பிற நரம்பணுக்களோடு இணையும் சிறு நீட்சிகள்) பெருக புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் தேவை. இந்த மருந்துகள் அது உருவாவதைத் தடுக்கும். அப்படித் தடுத்தால் ஆண் குட்டி வளர்ந்ததும் ஏறுவது குறைகிறது, உங்கள் ஆண் கன்ட்ரோலே கெட்டுப்போகும்.