ஊர் வரலாறு எழுதினவரின் பெட்டிகள் வாசகசாலைக்கு வந்திருக்கு – எங்கிருந்து தொடங்குவது?

தக்கலைவாசி கேட்டது

நாஞ்சில் நாட்டு ஊர்களின் வரலாற்றை நாற்பது வருஷம் அலைந்து சேர்த்த ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய காகிதங்களை வீட்டார் எங்கள் வாசகசாலைக்குத் தந்திருக்கிறார்கள். மூன்று டிரங்குப் பெட்டி. ஓலைக்கட்டு 7, கோடு போட்ட நோட்டு அறுபதுக்கு மேல், செருப்புப் பெட்டிகளில் அட்டைக் குறிப்புகள், சுருட்டி வைத்த கல்வெட்டு மைப்படிகள் (கல்லின் மேல் தாளை வைத்து மை ஒற்றி எடுத்த படிகள்), போட்டோக்கள், கேசட் 30, பத்திரிகை நறுக்குகள்.

கோயில், நிலம், சர்ச், போர் என்று பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கலாம் என்று ஒரு யோசனை. சரியா? இரண்டு ஓலைக்கட்டில் ஏடுகள் ஒட்டிக் கிடக்கின்றன, என்ன செய்வது? இன்னொரு குழப்பம்: கொல்லம் 1024 புரட்டாசி என்று இருக்கும் ஒரே ஓலைக்கு, ஒரு நோட்டில் 1848 என்றும் இன்னொன்றில் 1849 என்றும் எழுதியிருக்கிறார். எதை எடுத்துக்கொள்வது? கையில் காசு அதிகம் இல்லை.

பழைய_பேரேடு

தம்பி, பிரிக்காதீங்க. சுசீந்திரம் மைப்படியோடு ஒரு வரிச்சீட்டும் ஒரு போட்டோவும் ஒரே கட்டில் கிடந்தால், அவர் அப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கும். பொருள்வாரியாக அடுக்கினால் பார்க்க ஒழுங்காக இருக்கும், அந்தக் காரணம் போய்விடும். போனால் திரும்பி வராது.

பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்கும் முன் மேலிருந்து ஒரு போட்டோ. ஒவ்வொரு அடுக்கு எடுத்த பிறகும் இன்னொன்று. எண் இப்படி: பெட்டி, அடுக்கு, உருப்படி. 1-3-12 என்றால் முதல் பெட்டி, மூன்றாம் அடுக்கு, பன்னிரண்டாவது. தாளின் பின்பக்கம் கீழ் மூலையில் 2பி பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தம் மறுபக்கம் தெரியும், மையும் ஊறும். ஓலையில் எழுதவே கூடாது. எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கட்டோடு வையுங்கள்.

பதிவேட்டுக்குப் பைண்டு போட்ட நீள நோட்டு போதும். எண், என்ன பொருள், அளவு, எத்தனை தாள், தேதி, யாரிடமிருந்து வந்தது, இப்போதைய நிலை. இதில் ‘யாரிடமிருந்து’ என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். இப்படிச் சேர்ப்பவர்களின் பெட்டியில் இரவல் வாங்கின ஓலை ஒன்றிரண்டாவது இருக்கும். அட்டையிலோ கட்டின் மேல் துணியிலோ ஒரு பெயர், ஒரு ஊர் எழுதியிருப்பார். அதைத் தேடுங்கள்.

பொருள்வாரிப் பிரிவு வேண்டும்தான், ஆனால் அது அகராதியில், அதாவது தலைப்பும் பெயரும் வாரியாக எண்களைக் காட்டும் பட்டியலில், வரட்டும். கோயில் நிலத்தைப் பற்றிய ஓலையை ‘கோயில்’ கீழும் ‘நிலம்’ கீழும் எழுதலாம். அலமாரியில் அதை ஒரு இடத்தில்தான் வைக்க முடியும்.

ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்பிள் எல்லாம் எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். நம் கடற்காற்றுக்கு ஊசி இரண்டு மழைக்குள் துருவாகித் தாளைத் தின்றுவிடும். செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், அந்தச் சூட்டையும் பிளாஸ்டிக்கையும் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பத்திரிகை நறுக்குகள் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும், அதனால் அவற்றுக்குத் தனி உறை.

மைப்படிகளை மடிக்காதீர்கள். நாலு அங்குலப் பிவிசி குழாயில் வெள்ளைத் துணி சுற்றி அதன்மேல் தளர்வாகச் சுருட்டுங்கள். புதுக் கல்வெட்டு என்று அறிவிக்கும் முன், கோபிநாத ராவ் தொடங்கிய, கல்வெட்டுகளை அச்சிட்ட திருவிதாங்கூர் தொல்லியல் நூல்வரிசையில் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தாலும் மைப்படியைக் குறைவாக நினைக்க வேண்டாம். படி எடுத்த பிறகு கோயில் திருப்பணியில் கல்லைச் சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சியிருந்தால், கல்லில் இன்று இல்லாத எழுத்து அந்தத் தாளில் இருக்கும்.

அட்டைகளுக்குக் குறியீடு ஒன்று கட்டாயம் இருக்கும். பத்து அட்டையை எடுத்து, மூலையில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் நோட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது பிடிபட்டால் அறுபது நோட்டும் திறந்துகொள்ளும்.

ஆவணி_ஒண்ணு

கொல்லம் கணக்கு: 1024 புரட்டாசி என்றால் 1848 செப்டம்பர்–அக்டோபர். 1849 தவறு.

கொல்லம் ஆண்டு, அதாவது திருவிதாங்கூரில் வழங்கிய ஆண்டுக் கணக்கு, நம் பக்கம் ஆவணி ஒன்றாம் தேதி பிறக்கிறது, சித்திரையில் இல்லை. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டணும். ஜனவரி முதல் ஆடி முடிய 825. எல்லாவற்றுக்கும் 825 என்று ஒரே எண்ணைக் கூட்டியதால்தான் அந்த ஒரு வருஷம் ஏறியிருக்கும். குளச்சல் போரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். 1741 ஆகஸ்ட் 10, அது கொல்லம் 916 ஆடி. அடுத்த சில நாளில் ஆவணி பிறந்ததும் கொல்லம் 917, ஆனால் ஆங்கில வருஷம் அதே 1741. மார்கழி நடுவில் ஜனவரி வந்துவிடும். நாள் இல்லாமல் மார்கழி என்று மட்டும் இருந்தால் 1848–49 என்று இரண்டையும் எழுதுங்கள்.

மாதம் சிங்ஙம், கன்னி, துலாம் என்று மலையாள வழக்கில் இருந்தால் முறையே ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. இடவம் வைகாசி, கர்க்கடகம் ஆடி.

எண்களில் கவனம். 916 ஓலையில் ௯௱௰௬ என்று வரும். ௱ நூறு, ௰ பத்து, ௲ ஆயிரம். ‘ள’ என்றும் ‘ய’ என்றும் வாசித்துவிட்டுப் பொருள் புரியவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ௯ இன் சுழி தேய்ந்தால் ௧ மாதிரி நிற்கும், எண்ணூறு வருஷம் பின்னால் போய்விடுவீர்கள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. ஓலையில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். அதனால் படியெடுக்கும்போது முதலில் உள்ளபடியே எழுதுங்கள், திருத்திய வாசகம் அதற்குக் கீழே தனி வரியில். இரண்டையும் கலந்தால் பின்னால் வருபவருக்கு எது ஓலை, எது உங்கள் ஊகம் என்று தெரியாது.

திருவிதாங்கூருக்கு முந்தைய வேணாட்டு அரசின் கல்வெட்டுப் படிகளில் வியாழன் நின்ற ராசியும் சொல்லியிருக்கும். வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 வருஷம் எடுக்கும். ஆண்டு எண்ணில் ஒரு இலக்கம் சிதைந்திருந்தால் ராசியை வைத்துப் பிடிக்கலாம்.

எழுத்தாணி

ஒட்டின ஏட்டைக் கத்தியால் கிளப்பாதீர்கள். இப்போது திறக்கவும் வேண்டாம். துலாமழை (ஐப்பசியில் வரும் வடகிழக்குப் பருவமழை) முடிந்து, தை பிறந்து, காற்று வறண்ட பிறகு தொடுங்கள். மாசி முடிய நல்ல காலம். இடவப்பாதி (வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) வந்துவிட்டால் திறந்த கட்டில் பூஞ்சை ஏறும்.

மூடியுள்ள பெட்டிக்குள் அடியில் ஈரத்துணி, அதற்கு மேல் கம்பிவலைத் தட்டு, தட்டில் ஓலைக்கட்டு. தண்ணீர் ஓலையில் படக்கூடாது. சில மணி நேரத்தில் ஓலை இளகும். மணிக்கொரு தரம் பாருங்கள், பூஞ்சை வாசம் வந்தால் உடனே எடுத்துவிடணும். பிறகு மெல்லிய மூங்கில் சீவலை நீளவாக்கில் நுழைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகம் இருக்கிறது, அங்கே கேட்பது நல்லது.

தூசிக்கு ஒரு அங்குல மிருதுவான பிரஷ். ஓலையின் நார் ஓடும் திசையிலேயே தள்ளணும், குறுக்கே தேய்த்தால் பிளக்கும். எழுத்து கீறியதா, மையால் எழுதியதா என்று முதலில் பாருங்கள். மையெழுத்து என்றால் உலர்ந்த பிரஷ் மட்டும்தான். கீறிய எழுத்து மங்கலாக இருந்தால், விளக்குக் கரியை எலுமிச்சம்புல் எண்ணெயில் குழைத்துத் தடவி உடனே பஞ்சால் துடையுங்கள், கீறலில் மட்டும் கரி நிற்கும். முதலில் எழுத்தில்லாத ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் கூடவே கூடாது, பிசுக்காகித் தூசியை இழுக்கும். மஞ்சள் தடவச் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன், கறை எழுத்தை மறைக்கும்.

கட்டும் கயிறு பருத்தியாக, ஏடு புரட்டுகிற அளவு தளர்வாக இருக்கணும். இறுக்கினால் துளையிலிருந்து கிழியும். சுற்றும் துணியைக் கஞ்சி போக இரண்டு தரம் அலசிக் காயவையுங்கள். கஞ்சிதான் வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து. வசம்பைச் சின்னத் துணிப்பையில் போட்டு ஓலையில் படாமல் வையுங்கள், ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். அலமாரி தரையிலிருந்து அரை அடி உயரம், சுவரிலிருந்து கையளவு தள்ளி. கரையான் சுவர் வழியாகத்தான் வரும்.

ஓலையைப் போட்டோ எடுக்கும்போது இடதுபக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழணும். நேராக விழுந்தால் கீறல் தெரியாது. பக்கத்தில் ஒரு அளவுகோல், ஒரு எண் சீட்டு, முன்பக்கமும் பின்பக்கமும். நோட்டுகளை ஸ்கேன் செய்ய 300 டிபிஐ போதும். ஓலையை ஸ்கேனர் மூடியால் அழுத்த வேண்டாம்.

கேசட்டில் பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டாதீர்கள், பிளேயரும் கெடும், மற்ற கேசட்டும் கெடும்.

தக்கலைவாசி

எழுத்தாணி அக்கா, அண்ணாச்சிமார்களே, நன்றி. இன்னொன்று. ஒரு கட்டில் ஆள் அடிமை விற்ற ஓலைகள் இருக்கின்றன. வாங்கின குடும்பப் பெயர் இன்றும் ஊரில் இருக்கிறது. வெளியே காட்டலாமா என்று கமிட்டியில் பேச்சு.

பழைய_பேரேடு

ஒளிக்காதீங்க. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 இல்தான் முழுசாக ஒழிந்தது. அதற்கு முந்தைய ஓலைக்கட்டுகளில் இது இருப்பது சகஜம். அகராதி போடும்போது விற்றவர், வாங்கினவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு, விற்கப்பட்டவரை ‘அடிமை ஓலை’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். அந்தப் பெண்ணின் பெயர், பிள்ளையின் பெயர் ஓலையில் இருந்தால், அதைத் தனித் தலைப்பாக எழுதுங்கள். அந்த ஏட்டைத் தவிர அவர்கள் பெயர் வேறெங்கும் இருக்க வழியில்லை. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு ஓலைகளைக் கவிமணி எடுத்துப் படித்ததால்தான் நாஞ்சில் நாட்டார் கூடி எடுத்த முடிவுகள் நமக்குத் தெரியவந்தன. கட்டை அவிழ்த்துப் படிக்காமல் மூடியே வைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

காட்டுவது வாசகசாலையில் வைத்து, மேற்பார்வையில். மூலம் வெளியே போகக்கூடாது, வழக்குக்கு என்று கேட்டாலும் படிதான். 75 வருஷத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள சுவடி 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அவர் கையால் எழுதிய நோட்டின் பதிப்புரிமை இறந்தபின் 60 வருஷம் வாரிசுகளுக்கு. அச்சிடவும் இணையத்தில் போடவும் வீட்டாரிடம் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

நோட்டில் ‘திருவனந்தபுரம்’ என்று குறிப்பு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை நம் குமரிப் பகுதி திருவனந்தபுரத்து ஆட்சியில்தான் இருந்தது. அதற்கு முந்தைய சர்க்கார் காகிதத்தில் பெரும்பகுதி கேரள ஆவணக் காப்பகத்தில், மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடக்கிறது. அவர் எழுதிய கோப்பு எண்ணை அப்படியே பதிவேட்டில் ஏற்றுங்கள்.

தக்கலைவாசி

அண்ணாச்சி, அட்டைக் குறியீடு பிடிபட்டது. ‘பூ. 3/41’ என்றால் பூதப்பாண்டி, மூன்றாம் நோட்டு, 41 ஆம் பக்கம். அந்தப் பக்கத்தில் ஓலையின் முழு வாசகமும், கீழே ‘இரவல், திருப்பிக் கொடுக்கணும்’ என்று ஒரு வீட்டு விலாசமும் இருக்கிறது. அந்த ஓலை இரண்டாம் பெட்டியில் இருக்கிறது. படம் எடுத்து முடித்ததும் பூதப்பாண்டிக்குக் கொண்டு போகிறோம்.