தண்டனைக்கு அஞ்சாமையா, ஆதாயத்தின் மீதான ஈர்ப்பா?

கேள்வி
வணக்கம். சைக்கோபதிப் பண்புகள் (பரிவும் குற்றவுணர்வும் குன்றி, யோசியாமல் செயல்படும் ஆளுமைப் பண்புகள்) மிகுந்தவர்கள் தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் ஒரு செயலைத் திரும்பச் செய்வதற்கு அச்சக்குறைவு காரணமா, ஆதாயத்தின் மீதான நாட்டம் காரணமா? என் ஆய்வேட்டில் இவ்விரண்டையும் ஒரே அளவுகோலின் இரு முனைகளாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1
அச்சக்குறைவு என்ற விளக்கமே மூத்தது. உளவியலாளர் டேவிட் லிக்கன் 1957இல் வெளியிட்ட சோதனையில் 20 கட்டங்கள் கொண்ட ஒரு புதிர் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு விசைகள். ஒன்று சரியானது, தவறான மூன்றில் ஒன்றை அழுத்தினால் மின்னதிர்ச்சி. சரியான வழியைக் கற்பதில் சைக்கோபதிப் பண்பினர் பிறருக்குச் சளைக்கவில்லை. அதிர்ச்சி தரும் விசையைத் தவிர்க்கத்தான் அவர்கள் சரிவரக் கற்கவில்லை. ஆனால் 1970இல் ஷ்மாக் என்பவர் பண இழப்பைத் தண்டனையாக்கியபோது அவர்களும் நன்றாகவே தவிர்த்தார்கள்.

மறுமொழி 2
நண்பர் கடைசியாகக் குறிப்பிட்டதை விட்டுவிடாதீர்கள். ஜோசப் நியூமன் குழுவினர் 1987இல் வெளியிட்ட சீட்டாட்டச் சோதனை அதை இன்னும் தெளிவாக்குகிறது. சிறைக்கைதிகள் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும், படச்சீட்டு வந்தால் காசு, எண்சீட்டு வந்தால் இழப்பு, விரும்பும்போது நிறுத்திக்கொள்ளலாம். முதல் பத்துச் சீட்டுகளில் வெற்றி வாய்ப்பு 90 விழுக்காடு. பின்னர் ஒவ்வொரு பத்துக்கும் அது படிப்படியாகக் குறைந்து பூச்சியமாகிறது. சைக்கோபதிப் பண்பினர் இழக்கத் தொடங்கிய பின்னும் திருப்பிக்கொண்டே போனார்கள். ஆனால் அதுவரையிலான வெற்றி தோல்விகளைக் கண்முன் காட்டி, ஒவ்வொரு சீட்டுக்கும் பின் ஐந்து நொடி கட்டாயமாகக் காக்கவைத்தபோது, அவர்களும் மற்றவர்களைப் போலவே ஆட்டத்தை நிறுத்தினார்கள். தண்டனை உறைக்கவே உறைக்காது என்றால் அந்த ஐந்து நொடியால் என்ன மாறியிருக்கும்? ஆதாயத்தில் கவனம் குவிந்துவிட்டால் ஓரத்தில் எழும் எச்சரிக்கை அவர்களுக்கு எட்டுவதில்லை என்றே நான் கருதுகிறேன். நியூமன் குழுவின் 2010ஆம் ஆண்டு ஆய்வும் இதற்கு வலுச்சேர்க்கிறது: அச்சுறுத்தலையே கவனிக்கச் சொன்னபோது அவர்களுடைய திடுக்கிடல் இயல்பாக இருந்தது, கவனத்தை வேறு பணியில் செலுத்தச் சொன்னபோதுதான் அது குன்றியது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. அப்படியானால் ஆதாய நாட்டம் தனியாக அளக்கப்பட்டிருக்கிறதா?

மறுமொழி 3
ஆம். பக்ஹோல்ட்ஸ் குழுவினர் 2010இல், குற்றவாளிகளிடம் அல்லாமல் பொதுமக்களிடம் அதை ஆராய்ந்தார்கள். சைக்கோபதிப் பண்புகளுள் யோசியாமல் செயல்படும் சமூகவிரோதக் கூறு எவரிடம் மிகுந்திருந்ததோ, அவருக்கு ஆம்ஃபெடமைன் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தபோது, ஆதாயத்தை நாடத் தூண்டும் மூளைப் பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்தது. பணம் கிடைக்கும் என்று காத்திருக்கும்போதும் அப்பகுதி கூடுதலாக இயங்கியது. அஞ்சாத் துணிவு என்ற கூறுக்கு இத்தகைய தொடர்பு தென்படவில்லை.

ஆகவே இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்காதீர்கள். துணிவு மிகுந்தவரிடம் பதற்றம் குறைவாகவும், யோசியாமல் செயல்படும் கட்டுப்பாடின்மை மிகுந்தவரிடம் பதற்றமும் எரிச்சலும் கூடுதலாகவும் இருப்பது வழக்கம். சைக்கோபதி அளவுகோலின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் இவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அச்சத்தோடு தொடர்பே இல்லை என்பது போன்ற முடிவு உங்களுக்குக் கிடைக்கக்கூடும்.